இருபது மில்லிமீட்டர்

ஆனா ஆவன்னாவுக்கு முன்னால் நான் டயரில் இருக்கிற எழுத்தைத்தான் படித்தேன் என்று அப்பா ஊரெல்லாம் சொல்வார். மிகைதான். ஆனால் எங்கள் வீட்டில் நடந்திருக்கக்கூடிய விஷயம். திருச்செங்கோட்டில் அப்பா ரீட்ரேடிங் பட்டறை வைத்திருந்தார். வீட்டுக்கும் பட்டறைக்கும் நடுவே ஒரு தகரக் கதவுதான். லாரியும் போர்வெல் ரிக் வண்டியும் நிறைந்த ஊர் அது. தேய்ந்து மொட்டையான டயர் முன்வாசல் வழியாக உருண்டு வரும். அப்பா அதை மெஷினில் மாட்டிச் சுரண்டி, சொல்யூஷன் பூசி, புது ரப்பர் பட்டையைச் சுற்றி ஒட்டி, சேம்பருக்குள் தள்ளி வேகவைத்து எடுப்பார். மறுபடி ஒரு வருஷம் நாக்பூர், கட்டாக் என்று ஓடும். சில டயர்கள் மூன்றாவது முறையும் வரும். 'இவன் கெட்டிக்காரன்' என்று அதைத் தட்டிக் கொடுப்பார்.

அப்படிப்பட்டவரிடம் போய், நன்றாக ஓடிக்கொண்டிருக்கிற நாலு டயரைக் கழற்றிவிட்டு அகலமாக வேறு போடப்போகிறேன் என்று சொல்ல வேண்டியிருந்தது.

"இப்ப இருக்கறதுக்கு என்ன கேடு?"

"ஒண்ணுமில்லீங்கப்பா. இன்னும் இருவதாயிரம் ஓடும்."

"பின்னெதுக்கு?"

"புடிமானம் பத்தலீங்க."

"மெதுவாப் போனாப் பத்தும்."

இதற்கு என்னிடம் அன்று பதில் இல்லை. இன்றும் இல்லை. இந்த விஷயத்தில் இதுவரை சொல்லப்பட்டதிலேயே சரியான வாக்கியம் அதுதான். அதை மீறித்தான் அறுபத்தைந்தாயிரம் ரூபாய் செலவு செய்தேன்.

வண்டி, ஃபோக்ஸ்வாகன் போலோ ஜிடி டிஎஸ்ஐ. செகண்ட் ஹேண்டில் வாங்கியது. பார்த்தால் பள்ளிக்கூட வாத்தியார் வண்டி மாதிரி சாதுவாக இருக்கும். உள்ளே 1.2 லிட்டர் டர்போ பெட்ரோல் இன்ஜின், 105 குதிரைத்திறன், ஏழு கியர் ஆட்டோமேட்டிக். அழுத்தினால் சட்டென்று பாயும். முன்சக்கரத்தில்தான் இழுவை. அதாவது வண்டியை இழுப்பதும் திருப்புவதும் பிரேக்கின் பெரும்பங்கைத் தாங்குவதும் முன்னால் இருக்கிற அந்த இரண்டு டயர்கள்தான். கம்பெனி கொடுத்த சைஸ் 185/60 ஆர்15. மழையில் சிக்னலில் இருந்து கொஞ்சம் வேகமாகக் கிளப்பினால் முன்சக்கரம் வழுக்கிச் சுற்றும். கோவை செட்டிப்பாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது. ஃபார்முலா மாருதி பந்தயக் கார்களை உருவாக்கிய கரிவர்தன் பெயரில் அமைந்த டிராக். அவர் 1995இல் விமான விபத்தில் இறந்துபோனார். பொதுமக்கள் தங்கள் சொந்த வண்டியை ஓட்ட அனுமதிக்கிற நாட்களில் இரண்டு முறை அங்கே போயிருக்கிறேன். வளைவில் ஸ்டியரிங்கைத் திருப்பினால் டயர் கீச்சென்று கத்திக்கொண்டே வெளிப்பக்கமாக இழுத்துக்கொண்டு போகும். நான் ஒரு பக்கம் பார்க்கிறேன், வண்டி வேறு பக்கம் போகிறது. அந்தச் சத்தம் வீட்டுக்கு வந்த பிறகும் காதில் இருந்தது.

டயர் நம்பரைப் படிப்பது சுலபம். 185 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 60 என்பது பக்கச்சுவரின் உயரம், அகலத்தில் அறுபது சதவீதம், அதாவது 111 மில்லிமீட்டர். 15 என்பது உள்ளே இருக்கிற வீலின் விட்டம், அங்குலத்தில். மூன்றையும் கூட்டிப் பார்த்தால் டயரின் மொத்த விட்டம் 603 மில்லிமீட்டர் வரும். அகலப்படுத்துகிறவர்கள் முதலில் காப்பாற்ற வேண்டியது இந்தக் கடைசி எண்ணை. அது மாறினால் ஸ்பீடோமீட்டர் பொய் சொல்லும், கியர் கணக்கு மாறும், டயர் போய் எங்கேயாவது இடிக்கும். அதனால்தான் அகலத்தைக் கூட்டும்போது சுவரைக் குட்டையாக்கி, வீலைப் பெரிதாக்குகிறார்கள்.

நான் முதலில் போன கடையில் "சார் வரலீங்களா?" என்றார்கள். எந்த சார் என்று கேட்கவில்லை. கேட்டால் பேச்சு நீளும். பதினேழு இஞ்ச் போடுங்க மேடம், லுக்கே மாறிடும் என்றார் அங்கிருந்தவர். 205/45 ஆர்17. அதில் பக்கச்சுவர் 92 மில்லிமீட்டர்தான் மிஞ்சும். நம் ஊர்ப் பள்ளங்களுக்கு அந்தச் சுவர்தான் மெத்தை. மெத்தையைக் கழித்துவிட்டு அழகு வாங்குவதில் எனக்கு விருப்பமில்லை. ஒரு பள்ளத்தில் இறங்கினால் அலாய் வீலின் விளிம்பு நெளியும், சுவரில் முட்டை மாதிரி வீக்கம் வரும். நான் கேட்டது 205/50 ஆர்16. விட்டம் 611, கம்பெனி கொடுத்ததைவிட ஒன்றரை சதவீதத்துக்கும் குறைவான வித்தியாசம். சுவர் 102.5. எட்டரை மில்லிமீட்டர் மெத்தை போகும், போகட்டும். சட்டென்று கிடைக்காத சைஸ். பத்து நாள் காத்திருந்தேன்.

அந்தப் பத்து நாளும் அப்பா என் பக்கத்தில் உட்கார்ந்து கேள்வி கேட்டார். அம்மா போன பிறகு பட்டறையை மூடிவிட்டு கோவையில் என்னோடுதான் இருக்கிறார். டயரைப் பற்றி ஒரு முடிவு அவரைக் கேட்காமல் எடுக்கப்படுவது அவர் வாழ்நாளில் முதல் தடவை என்று நினைக்கிறேன். முதல் கேள்வி, "லோடு எவ்வளவு தாங்கும்?" கார் டயருக்கு லோடு பார்க்க வேண்டும் என்று கடைக்காரர் உட்பட யாருக்கும் தோன்றவில்லை. சைஸ் நம்பருக்குப் பக்கத்திலேயே அது இருக்கும். பழையதில் 84, ஒரு டயர் 500 கிலோ தாங்கும் என்று அர்த்தம். புதியதில் 87, 545 கிலோ. அப்பா தலையாட்டினார். ஒரு படி ஏறியாயிற்று.

அடுத்தது வீல். டயரை மட்டும் அகலமாக்கினால் போதாது, அதை மாட்டும் வீலும் அகலமாக வேண்டும். குறுகிய வீலில் அகல டயரைப் போட்டால் அது பானை மாதிரி உப்பும், சுவர் ஆடும். பழைய வீல் ஆறு அங்குல அகலம், புதியது ஏழு. இங்கேதான் எல்லோரும் கவனிக்காமல் விடுகிற ஒரு எண் வருகிறது: ஆஃப்செட். வீலின் நடுக்கோட்டிலிருந்து அது ஹப்பில் ஒட்டுகிற முகம் எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதுதான் அது. என் பழைய வீலின் முதுகில் 40 என்று இருந்தது. நான் வாங்கியதில் 38. ஆக, டயரில் கூடிய இருபது மில்லிமீட்டர் சரிபாதியாகப் பிரியவில்லை. வெளியே பன்னிரண்டு, உள்ளே எட்டு. வெளியே பன்னிரண்டு போனால் மட்கார்டு விளிம்புக்குள் அடங்குமா? உள்ளே எட்டு போனால் ஷாக் அப்சார்பரைத் தொடுமா? ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க பார்க்கிங்கில் குந்தி உட்கார்ந்து ஸ்கேலும் களிமண் உருண்டையும் வைத்து அளந்தோம். உள்ளே களிமண்ணை ஒட்டி, ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முழுக்க ஒடித்து, எவ்வளவு நசுங்குகிறது என்று பார்ப்பது அப்பாவின் யோசனை. வாட்ச்மேன் அண்ணன் வந்து பார்த்துவிட்டு, "வண்டில எலி பூந்துருச்சுங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

சட்டத்தையும் சொல்லிவிட வேண்டும். 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், கம்பெனி கொடுத்த அசல் விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றி அமைக்கக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவை வைத்துத் தீர்ப்புச் சொன்னது. அகல டயர் போட்ட இளைஞர்கள் எல்லோரும் அன்று பயந்துபோனார்கள். இது எவ்வளவு தூரம் பொருந்தும் என்பது அதிகாரியின் கையில் இருக்கிற அளவுகோலைப் பொறுத்த விஷயமாகத்தான் நடைமுறையில் இருக்கிறது. நான் இன்சூரன்ஸ்காரர்களுக்கு எழுதிக் கேட்டு, அவர்கள் அனுப்பிய பதிலைப் பிரிண்ட் எடுத்து வண்டியில் வைத்திருக்கிறேன். பெருமைக்குச் சொல்லவில்லை. இரண்டு சக்கரமும் மட்கார்டைத் தாண்டிச் சிறகு விரித்தபடி ஓடுகிற வண்டிகளைப் பார்த்தால், பக்கத்தில் போகிற ஸ்கூட்டர் மீது வாரியிறைக்கிற சேற்றுக்கும் கல்லுக்கும் சட்டம் இருப்பது நல்லதுதான் என்று தோன்றுகிறது.

கடைக்குப் போவதற்கு முந்தின நாள் சாயங்காலம் அப்பா ஒரு காரியம் செய்தார். முன்பக்க இடது சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, டயரின் அடியில் பழைய இன்ஜின் ஆயிலைத் துணியால் தடவி, கீழே ஒரு அட்டையும் அதன்மேல் செய்தித்தாளும் வைத்து, வண்டியை மெல்ல இறக்கினார். மறுபடி தூக்கினார். பேப்பரில் டயரின் கால்தடம். பட்டறையில் டிரைவர்களுக்குக் காற்றுக் கணக்கு சொல்ல அவர் செய்கிற வேலை இது. நடுவில் மட்டும் அப்பியிருந்தால் காற்று கூட, ஓரங்களில் அப்பியிருந்தால் குறைவு. பழைய டயரின் தடம் 15 சென்டிமீட்டர் அகலம், 10 சென்டிமீட்டர் நீளம். பேப்பரை மடித்து வைத்துக்கொண்டார்.

புது டயர் மாட்டி வந்த பிறகு அதே காற்றில், 32 பிஎஸ்ஐ, மறுபடி எடுத்தோம். 17 அகலம், 9 நீளம்.

பெருக்கிப் பாருங்கள். 150, 153. ஏறக்குறைய ஒன்றேதான்!

அறுபத்தைந்தாயிரம் ரூபாய் கொடுத்து அகல டயர் போட்டவர்களில் பலர், தரையைத் தொடுகிற ரப்பர் கூடிவிட்டது என்றே நம்புகிறார்கள். அப்படியெல்லாம் கூடாது. வண்டியின் எடையைத் தாங்குவது உள்ளே இருக்கிற காற்று. ஒரு சக்கரத்தில் இறங்கும் எடையைக் காற்றழுத்தத்தால் வகுத்தால் வருவதுதான் கிட்டத்தட்ட தரையைத் தொடுகிற பரப்பு. எடையும் மாறவில்லை, காற்றும் மாறவில்லை, பரப்பு எப்படி மாறும்? அகலம் கூடினால் நீளம் குறைகிறது. வடிவம்தான் மாறுகிறது. என் முன்சக்கரம் ஒவ்வொன்றும் உலகத்தைத் தொடுகிற இடம், அன்றும் இன்றும், கையை விரித்து வைத்தால் மூடிவிடக்கூடிய அளவுதான்.

"அகலத்துல குடுத்துட்டு நீளத்துல புடிச்சுக்குது," என்றார் அப்பா. கொஞ்சம் சந்தோஷமாகவே சொன்னார்.

அப்படியானால் பிடிமானம் கூடவில்லையா என்றால், கூடியது. நன்றாகவே தெரிந்தது. சுவர் குட்டையானதாலும் வீல் அகலமானதாலும் வளைவில் டயர் பக்கவாட்டில் சாய்வது குறைந்தது. முன்பெல்லாம் ஸ்டியரிங்கைத் திருப்பிய பிறகு ஒரு நொடி யோசித்துவிட்டுத் திரும்புகிற வண்டி, இப்போது சொன்னதும் திரும்புகிறது. ஆனால் இதில் பாதிப் புகழ் அகலத்துக்குச் சேரக் கூடாது என்பது என் கருத்து. கம்பெனி போட்டு அனுப்புவது நீண்டநாள் உழைக்கவும் மைலேஜ் கொடுக்கவும் செய்த கெட்டி ரப்பர். நான் வாங்கியது மென்மையான ரப்பர். விரல் நகத்தால் அழுத்தினாலே வித்தியாசம் தெரியும். கலவையை மாற்றிவிட்டு அகலத்துக்கு மாலை போடுவது, பருப்பை மாற்றிவிட்டுப் பாத்திரத்தைப் பாராட்டுகிற மாதிரி. பழைய சைஸிலேயே நல்ல ரப்பர் வாங்கிப் போட்டிருந்தால் மூன்றில் ஒரு பங்கு செலவில் முக்கால்வாசிச் சுகம் கிடைத்திருக்கும். யாராவது என்னிடம் யோசனை கேட்டால் அதைத்தான் முதலில் சொல்கிறேன். கேட்டுவிட்டு எல்லோரும் பதினேழு இஞ்ச் போடுகிறார்கள்.

மாட்டிய அன்று நடந்ததைச் சொல்லாமல் தாண்டிவிட்டேன். அப்பாவுக்கு அதைச் சொல்வது பிடிக்காது. ஆனாலும் சொல்கிறேன்.

லாரியிலும் மற்ற பெரும்பாலான கார்களிலும் ஹப்பில் இருந்து ஸ்டட் நீட்டிக்கொண்டிருக்கும், அதில் வீலைத் தொங்கவிட்டு நட்டு போடுவார்கள். இந்த வண்டியில் நட்டு கிடையாது. போல்ட்டை வெளியிலிருந்து ஹப்புக்குள் முடுக்க வேண்டும், சக்கரத்துக்கு ஐந்து. கடைப் பையன் புது வீலைத் தூக்கி வைத்து, பழைய போல்ட்டுகளையே எடுத்து ஏர் கன்னால் டர்ரென்று முடுக்க ஆரம்பித்தான். அப்பா மூலையில் ஸ்டூலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். எழுந்து வந்து, தட்டில் கிடந்த ஒரு போல்ட்டை எடுத்தார். தலைக்குக் கீழே, வீலோடு சேர்கிற இடத்தைக் கட்டைவிரலால் தடவினார். பிறகு மாட்டாத வீலின் துளைக்குள் அதே விரலை விட்டுச் சுற்றினார்.

"தம்பி, இது உருண்டையா இருக்குது. அது கூம்பா இருக்குது. உக்காராது."

"எல்லாருக்கும் இதுதானுங்க போடறோம், ஒண்ணும் ஆகாது."

"எல்லாரும் என்ற புள்ளயில்லயே தம்பி."

சத்தம் போடவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னார். ஆனால் கன் நின்றது.

அவர் சொன்னது முழுக்க உண்மை. கம்பெனி வீலில் போல்ட் உட்காரும் பள்ளம் உருண்டையாகக் குழிந்திருக்கும், போல்ட்டும் அதற்கேற்ற உருண்டை. வெளியில் விற்கிற அலாய்களில் பெரும்பாலும் கூம்பு வடிவப் பள்ளம். உருண்டையைக் கூம்பில் முடுக்கினால் முழுக்கப் படியாது, ஒரு மெல்லிய வளையம்தான் தொடும். முடுக்கும்போது இறுக்கமாகவே இருக்கும். ஓடஓட தளரும். எங்கே போய் தளரும் என்பது அவரவர் அதிர்ஷ்டம். அப்பாவுக்கு ஃபோக்ஸ்வாகனும் தெரியாது, ஜெர்மனியும் தெரியாது. இரண்டு பொருள் ஒன்றோடொன்று ஒட்டுமா ஒட்டாதா என்று நாற்பது வருஷம் விரலால் பார்த்தவர். அவர் ஒட்டிய ரப்பர் ஒருமுறை ஓசூர்ப் பக்கத்தில் உரிந்து, லாரி சாய்ந்து, கிளீனருக்குக் கால் முறிந்தது. நான் அப்போது ஏழாவது படித்தேன். அதற்குப் பிறகு எந்த டயரும் அவர் விரல் படாமல் பட்டறையை விட்டு வெளியே போனதில்லை.

கூம்பு போல்ட் மறுநாள்தான் வந்தது. வீலின் நடுத்துளை ஹப்பைவிடப் பெரிது. அந்த இடைவெளியை அடைக்கிற 57.1 மில்லிமீட்டர் வளையங்களையும் அப்பாவே நின்று வாங்கினார். டார்க் ரெஞ்ச் வைத்து 120 நியூட்டன் மீட்டருக்கு முடுக்கச் சொன்னோம். நூறு கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி சரிபார்த்தோம். கழற்றிய சக்கரத்தையும் புதியதையும் கடைத் தராசில் வைத்துப் பார்த்தேன். ஒன்றுக்கு இரண்டரைக் கிலோ கூடியிருந்தது. பெரிய வீலின் விலை அதுதான். சுற்றிச் சுற்றி ஓடுகிற எடை என்பதால் கிளப்பும்போதும் நிறுத்தும்போதும் உணர முடிகிறது. மைலேஜ் பதினாலிலிருந்து பதிமூன்றானது.

ஐப்பசியில் ஊருக்குப் போனபோது, அத்தையையும் ஒரு மூட்டை அரிசியையும் ஏற்றிக்கொண்டு கொல்லிமலை அறப்பளீஸ்வரர் கோயிலுக்குப் போனோம். காரவள்ளியிலிருந்து மேலே எழுபது கொண்டை ஊசி வளைவு. சில இடங்களில் ஸ்டியரிங்கைக் கடைசிவரை ஒடிக்க வேண்டும். பின்னால் எடையும் முன்னால் ஒடிப்பும் சேர்ந்தபோதுதான், பார்க்கிங்கில் களிமண் காட்டாத ஒன்று தெரிந்தது. இருபதாவது வளைவுக்கு மேல் எங்கோ இடதுபக்கம் சர்ரென்று ஒரு உரசல். "நிறுத்து சாமி," என்றார் அப்பா. இறங்கி, மட்கார்டுக்கு உள்ளே கையை விட்டுத் தடவினார். பிளாஸ்டிக் லைனரில் விரல்நீளத்துக்கு மழுங்கிய தடம். டயரில் ஒன்றுமில்லை. "பிளாஸ்டிக்குத்தான். முழுசா ஒடிக்காத, கொஞ்சம் விட்டு ஒடி," என்று ஏறிக்கொண்டார். அதற்குப் பிறகு ஒவ்வொரு வளைவிலும் காதைச் சாய்த்து உட்கார்ந்திருந்தார். அத்தை சாமிப் பாட்டு பாடிக்கொண்டு வந்ததை இரண்டு பேரும் கேட்கவில்லை.

அந்த எழுபது வளைவைத்தான் நான் மனதில் வைத்து இத்தனையும் செய்தேன் என்று சொல்லலாம். வேகம் அதிகமில்லை, இரண்டாவது கியர். ஆனால் ஒவ்வொரு முறை திருப்பும்போதும் முன்சக்கரம் தார் ரோட்டைப் பற்றிக்கொண்டு உள்ளே இழுப்பது உள்ளங்கை வரை தெரிந்தது. சுமைக்காக அல்ல, வாடகைக்காக அல்ல, சும்மா ஒரு சுகத்துக்காக டயர் வாங்கியது எங்கள் குடும்பத்தில் நான்தான் முதல் ஆள். அப்பா அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. ஐம்பதாவது வளைவில், "சத்தமே இல்லாமத் திரும்புது," என்றார். அவ்வளவுதான்.

இறங்கும்போது மழை பிடித்துக்கொண்டது. மலையில் பிரச்சினை இல்லை, கீழே நெடுஞ்சாலைக்கு வந்த பிறகுதான். தண்ணீர் தேங்கிய இடத்தில் அகல டயருக்கு ஒதுக்கித் தள்ள வேண்டிய தண்ணீர் அதிகம், தடத்தின் நீளம் குறைந்துவிட்டதால் தள்ளுவதற்குக் கிடைக்கும் நேரமும் குறைவு. குறுகிய டயர் வெட்டிக்கொண்டு போகிற இடத்தில் அகலமானது மிதக்கப் பார்க்கும். எண்பதில் ஸ்டியரிங் ஒரு கணம் லேசானது. கையில் ஒன்றுமே இல்லாத மாதிரி. காலை எடுத்தேன். அறுபதுக்கு வந்தேன். அப்பா என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை, மீட்டரைப் பார்த்தார்.

கழற்றிய நாலு டயரை நான் விற்கவில்லை, அவர் விற்றார். அதே சைஸ் போடுகிற வென்டோ கால் டாக்ஸிக்காரர் ஒருவரைப் பிடித்து, வீட்டுக்கே வரவைத்து, ஒவ்வொரு டயரையும் தட்டிக் காட்டி, காசை எண்ணி என் கையில் கொடுத்தார். புது டயரையும் ஒருநாள் இரும்புக் கம்பியால் தட்டிப் பார்த்தார். லாரி டயர் தட்டினால் டம்மென்று பேசும், இது டப்பென்று முடித்துக்கொள்கிறது. அவருக்குத் திருப்தியில்லை.

"இது தேஞ்சா?"

"தூக்கிப் போடறதுதானுங்க."

"ரப்பர் ஒட்டமாட்டாங்களா?"

"கார் டயருக்கு யாருங்கப்பா ஒட்டறாங்க."

ஒன்றும் பேசாமல் உள்ளே போனார். அடுத்த வாரம் பட்டறைக் காலத்து நீள நோட்டு ஒன்றை எடுத்து, தேதி போட்டு, நாலு டயரின் பட்டன் ஆழத்தை அளந்து எழுதத் தொடங்கினார். மாதத்துக்கு ஒருமுறை. சட்டப்படி 1.6 மில்லிமீட்டர் வரை ஓட்டலாம். போன மாதக் கணக்கில் முன் இடது 5.2, முன் வலது 5.5. இடது மட்டும் ஏன் கூடத் தேய்கிறது என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார். வியாழக்கிழமை அலைன்மென்ட் பார்க்கப் போகிறோம்.